முத்திரை மட்டும் போதுமா?

நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஏதாவது ஒரு காகிதத்தை ஓர் அலுவலகம் கேட்டால் உடனே, “நோட்டரி போட்டுக் கொடுத்துவிடலாம்” என்கிறோம். கடைப் பையனிடம் காகிதத்தையும் பணத்தையும் கொடுத்து அனுப்புகிறோம். அவன் ஐந்து ஆற்றுப் பாலங்களையும் தாண்டித் தஞ்சாவூர் போய், மாலைக்குள் வட்ட முத்திரை குத்திய காகிதத்துடன் திரும்பி வருகிறான். நாமும் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, காரியம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறோம்.

காரியம் முடியவில்லை, பல சமயம் அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம். நாம் வக்கீல் அல்ல. பள்ளிப் படிப்புடன் மண்டியில் உட்கார்ந்தவர்கள். ஆனால் நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்ததில், எந்தக் காகிதம் நின்றது, எந்தக் காகிதம் விழுந்தது என்று நிறையப் பார்த்திருக்கிறோம். அதில் தெரிந்ததைச் சக வணிகர்களுக்குச் சொல்வது கடமை என்று நினைக்கிறோம்.

நோட்டரி என்பவர் யார்?

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். நோட்டரி பப்ளிக் என்பவர் அரசு சம்பளம் வாங்கும் அதிகாரி அல்ல. அவர் ஒரு வக்கீல். பொதுவாகப் பத்து ஆண்டுகளாவது வக்கீல் தொழில் செய்தவரை மத்திய அரசோ மாநில அரசோ இந்தப் பணிக்கு நியமிக்கிறது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு ஆண்டுகள் போதும். 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டம், 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகள் ஆகிய இரண்டும்தான் அவருடைய வேலைக்கு அடிப்படை. தமிழில் சான்றுறுதி அலுவலர் என்று பலகையில் எழுதுகிறார்கள். அவருக்குக் கொடுக்கும் தொழில் சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அவர் செய்கிற வேலை என்ன? ஒரு ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான், தம் முன்னால்தான் போட்டார் என்று உறுதி சொல்வது. சத்தியம் செய்வித்துப் பிரமாணப் பத்திரம் வாங்குவது. மூலத்தையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்த்து உண்மை நகல் என்று சான்றளிப்பது. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு ஆவணத்தை மொழிபெயர்த்துச் சரிபார்ப்பது. புரோநோட்டு, உண்டியல் ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க மறுத்தால் அதைக் குறிப்பெழுதிப் பதிவு செய்வது.

இந்தக் கடைசி வேலையைக் கவனிக்க வேண்டும். நோட்டரி என்ற பதவி நம் நாட்டுச் சட்டத்தில் வியாபாரிக்காகவே வந்தது என்று சொன்னால் மிகையில்லை. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில்தான் நோட்டரிகளை நியமிக்கும் பிரிவு முதலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவின் எண் 138. ஊர் விட்டு ஊர் உண்டியல் எழுதிச் சரக்குப் பிடித்த காலம் அது. உண்டியல் திரும்பினால், திரும்பியது உண்மை என்று மூன்றாம் மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 1952-இல் நோட்டரிகளுக்குத் தனிச் சட்டம் வந்தபின் அந்த இடம் காலியாயிற்று. 1988-இல் சட்டத்தைத் திருத்தி அதே 138-ஆம் எண்ணில் செக் திரும்பினால் தண்டனை என்ற பிரிவை வைத்தார்கள். 1989 ஏப்ரல் முதல் அது நடப்புக்கு வந்தது. இன்று “ஒன் தர்ட்டி எயிட்” என்றால் நம் கடைப் பையனுக்கும் தெரியும். அதே எண்ணில் ஒரு காலத்தில் நோட்டரி உட்கார்ந்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

ஏன் இந்த மயக்கம்?

நோட்டரி முத்திரை பட்டால் அது பத்திரப் பதிவு ஆனதற்குச் சமம் என்று நம்மவர்கள் நினைப்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். சில நாடுகளில் அப்படித்தான். இலங்கையில் 1840-ஆம் ஆண்டு மோசடித் தடுப்புச் சட்டப்படி, நிலம் விற்பது என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் விற்பனையே செல்லாது. யாழ்ப்பாணத்துத் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள், நொத்தாரிசு என்றால் தனி மரியாதையோடு சொல்வார்கள். பிரான்சு நாட்டிலும் வீட்டு விற்பனைப் பத்திரத்தை நோட்டரிதான் தயாரிப்பார்.

நம் ஊர் நோட்டரி அப்படிப்பட்டவர் அல்ல. அவர் பத்திரத்துக்குப் பொறுப்பாளி அல்ல, கையெழுத்துக்குச் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்று அவர் முத்திரை சொல்வதில்லை. “இன்ன தேதியில் இன்ன மனிதர் என் முன் வந்தார், இதில் கையெழுத்திட்டார்” என்று மட்டும் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் உண்மையாக இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. அது பொய்யாக இருந்தால் முத்திரை வெறும் மைதான்.

நடந்தது ஒன்று

நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். தகப்பனார் காலமானபின் கடை மூத்தவரிடம் இருந்தது. தம்பி திருப்பூரில் வேலையில் இருந்தார். கடையிலும் சரக்கிலும் தமக்குப் பங்கு வேண்டாம் என்று தம்பி எழுதிக் கொடுத்ததாக ஒரு காகிதம். அண்ணன் பொய் சொல்லவில்லை. தம்பி போனில் சம்மதித்தார், கூரியரில் வந்த காகிதத்தில் கையெழுத்தும் போட்டு அனுப்பினார். அண்ணன் அதை ஓர் ஆளிடம் கொடுத்து நோட்டரி முத்திரை வாங்கிவரச் சொன்னார். வந்தது. ஏழெட்டு ஆண்டுகள் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் மனஸ்தாபம் வந்தது. தம்பி, “அந்தத் தேதியில் நான் தஞ்சாவூருக்கே வரவில்லை, திருப்பூரில் வேலையில் இருந்தேன்” என்றார். வருகைப் பதிவும் அப்படியே சொன்னது. நோட்டரியின் பதிவேட்டில் அந்த வரிசை எண்ணுக்கு நேரே தம்பியின் கையெழுத்து இல்லை. சம்மதம் உண்மை, கையெழுத்தும் உண்மை. ஆனால் முத்திரை சொன்ன ஒரே ஒரு விஷயம், அதாவது “என் முன் வந்தார்” என்பது பொய் என்று ஆகிவிட்டது. அதன்பின் மற்றதையும் யார் நம்புவார்கள்? கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, அண்ணன் நல்ல தொகை கொடுத்து முடித்தார். அந்த ஆண்டு அவர் கடையில் பாதி அலமாரி காலியாக இருந்ததை நாமே பார்த்தோம்.

ஒரு பஸ் டிக்கெட்டும் அரை நாளும் மிச்சம் பிடித்ததால் வந்த நஷ்டம் இது.

முறையாகச் செய்வது எப்படி?

இது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, எதற்காக நோட்டரி கேட்கிறார்கள் என்பதைக் கேட்ட அலுவலகத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரமாணப் பத்திரமா, உண்மை நகலா, ஒப்பந்தத்தில் சான்றுறுதியா என்பது வேறு வேறு. மாதிரிப் படிவம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முத்திரைத்தாள். எந்த ஆவணத்துக்கு எவ்வளவு தீர்வை என்பது மாறிக்கொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் பிரமாணப் பத்திரமும் சாதாரண ஒப்பந்தமும் 20 ரூபாய்த் தாளில் எழுதினோம். 2024-இல் அது 200 ரூபாயாக உயர்ந்தது. பழைய நினைப்பில் குறைந்த தாளில் எழுதினால், நாளை கோர்ட்டில் அதைக் காட்டும்போது குறைந்த தீர்வையையும் அதன்மேல் பத்து மடங்கு வரை அபராதத்தையும் கட்டிய பிறகுதான் அதைச் சாட்சியமாக ஏற்பார்கள். தாளைச் சம்பந்தப்பட்டவர் பெயரிலேயே வாங்க வேண்டும்.

வாங்கி ஆறு மாதம் ஆன தாள் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கத்தான் ஆறு மாதக் கெடு. எழுதுவதற்குக் கெடு இல்லை என்று நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் வேறு வேறு ஆண்டுகளில் வாங்கிய பழைய தாள்களைச் சேர்த்து எழுதினால், ஆவணத்தின் உண்மைத்தன்மையைச் சந்தேகிக்க அது ஒரு காரணமாகலாம் என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே புதிய தாளே நல்லது.

மூன்றாவது, எழுதியதை வரி வரியாகப் படியுங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாம் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும். நிரப்பாத கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதியிருந்து உங்களுக்குப் புரியாவிட்டால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நோட்டரி சான்றுக்கு ஆங்கிலம்தான் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

நான்காவது, இதுதான் முக்கியம்: வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நோட்டரியின் எதிரில் உட்கார்ந்து, அவர் பார்க்கப் போட வேண்டும். இரண்டு பேர் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் என்றால் இரண்டு பேரும் போக வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். அடையாள அட்டையின் மூலத்தைக் கொண்டு போங்கள். நகல் மட்டும் போதாது.

ஐந்தாவது, நோட்டரியிடம் ஒரு பதிவேடு இருக்கும். இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதில் வரிசை எண், தேதி, ஆவணத்தின் விவரம், கட்டணம் எல்லாம் எழுதி உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். “ஐயா, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்” என்று சொல்வதில் வெட்கம் இல்லை. மேலே சொன்ன குடும்பத்தை அந்த ஒரு கையெழுத்து காப்பாற்றியிருக்கும்.

ஆறாவது, வெளியே வருமுன் காகிதத்தைப் பாருங்கள். நோட்டரியின் கையெழுத்து, தேதி, வரிசை எண், நோட்டரி ஸ்டாம்பு, வட்ட முத்திரை எல்லாம் இருக்கிறதா? முத்திரையில் அவர் பெயரும், எந்தப் பகுதிக்கு நியமனம் என்பதும், எந்த அரசு நியமித்தது என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ரசீது கொடுப்பதும், கட்டண விகிதத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி வைப்பதும் விதிப்படி அவருடைய கடமை. விதியில் குறித்த கட்டணம் சிறு தொகைதான். பத்திரம் எழுதுகிற கூலி, டைப் செய்கிற கூலி எல்லாம் வேறு. இரண்டையும் கலந்து ஒரே தொகையாகச் சொல்வதால்தான் நம்மவர்கள் நோட்டரிக்கு ஆயிரம் கொடுத்தேன், இரண்டாயிரம் கொடுத்தேன் என்கிறார்கள்.

நடக்க முடியாத பெரியவர், படுக்கையில் இருப்பவர் என்றால் நோட்டரியை வீட்டுக்கு அழைக்கலாம். அதற்குப் பயணப்படி விதியிலேயே உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவருக்குப் படித்துக் காட்டி, விளங்கச் சொல்லி, கைரேகை வாங்கியதாக ஆவணத்திலேயே குறிப்பு எழுதச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெரிய பெண்மணிகள் விஷயத்தில் இதில் கூடுதல் கவனம் தேவை.

முத்திரை செய்யாத வேலைகள்

இனி, நோட்டரியால் ஆகாத காரியங்களைப் பார்ப்போம். நஷ்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தடுக்கி விழுந்தவர்கள்.

கடை வாடகை முதலில். ஐந்து வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதி, நோட்டரி போட்டு, பெரிய தொகையை அட்வான்சாகக் கொடுத்துவிட்டு, அலமாரி அடித்து, ஷட்டர் போட்டு உட்காருகிறோம். இரண்டாம் வருடம் கட்டடம் கைமாறுகிறது. புதிய உரிமையாளர் “காலி செய்” என்கிறார். நாம் நோட்டரி முத்திரையைக் காட்டுகிறோம். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் காட்டி ஐந்து வருட உரிமையை நிலைநாட்ட முடியாது. இதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த வாடகைச் சட்டப்படி, நகர்ப்பகுதிகளில் பதினொரு மாதமானாலும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஆகவே பதினொரு மாதத் தந்திரமும் இப்போது முழுப் பாதுகாப்பு அல்ல. கோயில் இடத்திலோ மடத்து இடத்திலோ கடை வைத்திருப்பவர்கள் நம் ஊரில் அநேகம். அவர்களுக்கு வழி வேறு. நிர்வாகத்தின் எழுத்து மூல உத்தரவும் ரசீதும்தான் பலம். பழைய வாடகைதாரர் நோட்டரி காகிதத்தில் கடையைக் “கைமாற்றி”க் கொடுத்தார் என்பதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது மனை, நிலம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அசையாச் சொத்தையும் பதிவு இல்லாமல் விற்க முடியாது. பவர் எழுதிக் கொடுத்து, நோட்டரி போட்டு, பணம் வாங்கிக்கொண்டு இடத்தை ஒப்படைத்தால் அது விற்பனை ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று. ஒருவர் சார்பாக இன்னொருவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்றால், பவர் எழுதிக் கொடுப்பவர் இந்தியாவில் இருந்தால் அந்தப் பவர் பதிவு அதிகாரி முன்னிலையில் உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். நோட்டரி போதாது. வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டும் அங்குள்ள நோட்டரியோ இந்தியத் தூதரகமோ போதும். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அங்கிருந்து பவர் வந்து சேர்ந்தால், மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, கூட்டு வியாபாரம். இரண்டு பேர் சேர்ந்து கடை போட்டு, பங்குதாரர் ஒப்பந்தத்தை நோட்டரி செய்துவிட்டால் போதும் என்று இருக்கிறோம். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனங்களின் பதிவாளரிடம் பதியாத கூட்டு நிறுவனம், தனக்கு வரவேண்டிய சரக்குப் பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அவர்கள் நம்மேல் வழக்குப் போடலாம்! கடன் கொடுத்து வாங்குகிற தொழிலில் இதைவிடப் பெரிய ஊனம் வேண்டுமா?

சரக்குப் பாக்கிக்கு எது பலம்?

டெல்டாவில் வியாபாரம் என்றாலே தவணைதான். குறுவை வீட்டுக்கு வந்ததும் தருகிறேன், தை அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்பான் விவசாயி. அதையே சில்லறைக் கடைக்காரர் நம்மிடம் சொல்வார். தண்ணீர் தவறினாலோ, கதிர் நேரத்தில் மழை அடித்தாலோ பாக்கி அடுத்த பட்டத்துக்குப் போகும். இந்த நிலையில் சிலர், “எதற்கும் ஒரு நோட்டரி பேப்பர் வாங்கி வைப்போம்” என்கிறார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பின்னால் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. இது இரு தரப்புக்கும் கேடு. கையெழுத்துப் போட்டவன் நிம்மதியாகத் தூங்க மாட்டான். வாங்கியவன் கோர்ட்டில் நிமிர்ந்து நிற்க மாட்டான்.

பாக்கிக்கு நோட்டரி தேவையில்லை. சரக்குக் கொடுத்த பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுகள் கெடு. அந்தக் கெடு முடியுமுன், “இன்ன தேதிவரை இவ்வளவு பாக்கி” என்று பேரேட்டிலோ தனித் தாளிலோ எழுதிக் கடன்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் இதைச் சொல்கிறது. வருடா வருடம் புதுக்கணக்கு எழுதும்போது பழைய கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது நம் பெரியவர்கள் வழக்கம். அவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. ஆனால் அந்த ஒரு கையெழுத்து, இன்று ஓடிப்போய் வாங்குகிற வட்ட முத்திரையைவிடப் பலமானது.

செக் திரும்பினாலும் நோட்டரியிடம் ஓட வேண்டாம். பேங்கிலிருந்து தகவல் வந்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். அது கிடைத்து பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இந்தத் தேதிகளைத் தவறவிட்டால் எந்த முத்திரையும் உதவாது.

தேவையில்லாத இடத்தில் ஏன் செலவு?

நகலில் அதிகாரி சான்று வேண்டும் என்ற காலம் பெரும்பாலும் போய்விட்டது. 2014 முதல் மத்திய அரசு, சொந்தக் கையெழுத்திட்ட நகலே போதும் என்ற முறையை ஊக்குவித்து வருகிறது. ஆனாலும் பழக்க தோஷத்தால் நாமே நோட்டரி செய்து கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அடுத்த முறை அங்குள்ள குமாஸ்தா எல்லோரிடமும் அதைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். கேட்பவரைவிடக் கொடுப்பவர்கள்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தோம்.

ஜி.எஸ்.டி. பதிவு ஒரு நல்ல உதாரணம். 2025 ஏப்ரல் 17 தேதியிட்ட மத்திய வாரியத்தின் அறிவுரை தெளிவாக இருக்கிறது. வாடகைக் கடை என்றால் செல்லத்தக்க வாடகை ஒப்பந்தமும், உரிமையாளரின் சொத்துவரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது போன்று ஏதாவது ஓர் ஆவணமும் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் வேண்டும். ஒப்பந்தமே இல்லாதபோதுதான், அனுபவத்துக்கான ஆதாரத்துடன் மாஜிஸ்திரேட் அல்லது நோட்டரி முன் செய்த பிரமாணப் பத்திரம் கேட்கப்படுகிறது. இதற்குமேல் தேவையற்ற ஆவணங்களைக் கேட்கக் கூடாது என்றும் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இருக்கிறவர்களும் ஏன் பிரமாணப் பத்திரத்துக்கு அலைய வேண்டும்?

இரு தரப்பிலும் குறை உண்டு

நோட்டரிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஒரு நோட்டரி நம்மிடம் சொன்னார்: “ஆள் வராமல் போட மாட்டேன் என்றால் உங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறார்கள்.” உண்மைதானே? முறையாக நடக்கிறவரை நாம் ஆதரிப்பதில்லை. கேள்வி கேட்காதவரைத்தான் தேடிப் போகிறோம். பிறகு காகிதம் விழும்போது அவரைத் திட்டுகிறோம்.

“கடையைப் பூட்டிவிட்டு எப்படிப் போவது?” என்று சில்லறை வியாபாரிகள் கேட்பது நமக்குத் தெரியும். தனி ஆளாகக் கடை நடத்துகிறவருக்கு அரை நாள் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் கேட்கிறோம்: ஒரு மூட்டை சர்க்கரையை எடை பார்க்காமல் இறக்குவோமா? மாதிரி பார்க்காமல் துவரம் பருப்பு வாங்குவோமா? நூறு ரூபாய்ச் சரக்குக்குத் தராசு முன் நிற்கிற நாம், பல லட்ச ரூபாய்க்கான காகிதத்துக்கு நேரில் போக மாட்டோம் என்றால் அது என்ன கணக்கு?

சங்கம் செய்யக்கூடியவை

இதில் சங்கம் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

ஒன்று, மாதம் ஒரு நாள், கடை விடுமுறை நாளாகப் பார்த்து, முறையாக நியமனம் பெற்ற நோட்டரி ஒருவரைப் பதிவேட்டுடன் சங்கக் கட்டடத்துக்கு அழைக்கலாம். உறுப்பினர்கள் நேரில் வந்து காரியத்தை முடித்துக்கொள்ளலாம். பஸ்சும் மிச்சம், நேரமும் மிச்சம்.

இரண்டு, அரசு விதியில் உள்ள நோட்டரிக் கட்டணப் பட்டியலையும், நடப்பு முத்திரைத் தீர்வை விவரத்தையும் தமிழில் எழுதிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நோட்டரிகள் பட்டியலை ஆண்டுதோறும் ஜனவரியில் அரசிதழில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்து நம் வட்டாரத்துக்கு உரியவர்களின் பெயர்களை எழுதி வைக்கலாம். நோட்டரி அல்லாதவர் நோட்டரி என்று சொல்லிக்கொள்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒரு நோட்டரி முறைகேடாக நடந்தால் அவரை நியமித்த அரசுக்கு மனு எழுதலாம். தனி வியாபாரி எழுதத் தயங்குவார். சங்கம் தயங்க வேண்டியதில்லை.

மூன்று, எந்தெந்த அலுவலகத்தில் எந்தெந்தக் காரியத்துக்கு நோட்டரி தேவை, எதற்குத் தேவையில்லை என்று ஒரு பட்டியல் தயாரித்து இந்த இதழிலேயே வெளியிடலாம். விதியில் இல்லாததைக் கேட்கிற அலுவலகத்திடம், எந்த விதி என்று பணிவாக எழுத்தில் கேட்கலாம்.

நம் தொழில் நம்பிக்கையில் நடப்பது. போனில் சொன்ன விலைக்கு லாரி புறப்படுகிறது. துண்டுச் சீட்டில் எழுதிய எண்ணுக்குப் பணம் வருகிறது. அந்த நம்பிக்கை இருக்கிறவரை காகிதம் வேண்டியதில்லை என்பது சரிதான். ஆனால் மனிதர்கள் மாறுகிறார்கள்; சில சமயம் மறைந்தும் விடுகிறார்கள். வாக்குக் கொடுத்தவர் இல்லாத நாளில் பேசுவதற்காகத்தான் காகிதம். அன்றைக்கு அது பொய் பேசாமல் இருக்க வேண்டும் என்றால், இன்றைக்கு நாம் நேரில் போய் நின்றிருக்க வேண்டும். அடுத்த முறை கடைப் பையனிடம் காகிதத்தை நீட்டுமுன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்குமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

— மொத்த வியாபாரி ஒருவர், திருவையாறு